ஒற்று

என் புத்தகங்களில் அச்சுப்பிழைகள் அதிகம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவற்றை எழுதும்போது நீங்கள் என்னை நம்ப அது உதவும்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள். மேசையும் மின்விசிறியும் உள்ள அறையாகவும் கொடுத்தீர்கள். நன்றி. எனக்குப் பேச வராது. எழுத வரும்.

நான் இயற்பியல் படித்தவள். ஒன்பது ஆண்டுகளாகக் கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதிவருகிறேன். அடுத்தவர் கணினிக்குள், ஃபோனுக்குள் ஒருவன் எப்படி நுழைகிறான், அவனை எப்படி வெளியே நிறுத்துவது என்பதுதான் விஷயம். என் அம்மா முதல் புத்தகத்தில் மூன்று பக்கம் படித்துவிட்டு, "என்னடி இது, திருடனுக்குப் பாதி, வீட்டுக்காரனுக்குப் பாதின்னு பங்கு பிரிச்சு வெச்சிருக்கே" என்றாள். நல்ல விமர்சனம். அதற்குப் பிறகு வந்த எதுவும் அவ்வளவு சுருக்கமாக இல்லை. வந்தவையே இரண்டுதான்.

என் பதிப்பகத்தில் பிழை திருத்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிட நான்கு வயது சிறியவள். பதிப்பாளர் அவளை 'ஒற்று' என்று கூப்பிடுவார். இரண்டு சொற்களுக்கு நடுவில் வரவேண்டிய க், ச், த், ப் எதையும் அவள் விட்டதே இல்லை என்பதால் வந்த பெயர். ஒற்று என்றால் உளவு என்றும் ஒரு பொருள் உண்டு. அவர் அதை நினைத்து வைக்கவில்லை.

எல்லாரும் போடும் இடத்தில் போடுவதோடு அவள் நிற்கமாட்டாள். யாரும் போடாத இடத்திலும் போடுவாள். வீட்டுப் பராமரிப்புப் புத்தகம் ஒன்றில் 'சோபாத் துணி' என்று திருத்தியிருந்தாள். பதிப்பாளர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"ஏம்மா ஒற்று, சோபா என்ன உங்க பெரியப்பா வெச்ச பேரா? அதுக்கும் ஒரு த் தொங்க விட்டிருக்கே."

"நம்ம வரிக்குள்ள வந்து உக்காந்துட்டா அதுவும் நம்ம வீட்டு ஆள்தான் சார். வந்தவங்களுக்கு ஒரு த் கூடக் குடுக்கலேன்னா எப்படி?"

"குடு, குடு. படிக்கிறவன் தடுக்கி விழுந்தா நீயே போய்த் தூக்கி விடு."

அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களில் ஸ்கூட்டர்ச் சாவி, கேமராக் கண், கம்ப்யூட்டர்த் திரை என்றுதான் இருக்கும். இப்படி எழுதுகிற வேறு ஒருவரை நான் அச்சில் பார்த்ததில்லை.

என் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தவள் அவள் ஒருத்திதான். அது அவள் வேலை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் படித்தாள்.

ஒரு மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாமல், அம்மா பேசியபோது உடம்போடு சேர்த்துத் திரும்பினாள்.

"தூக்கத்துல பிடிச்சுக்கிச்சா கண்ணு?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

அம்மா உள்ளே போனதும் தன் ஃபோனை என் மேசைமேல் வைத்தாள். "அக்கா, நான் எங்க போனாலும் அவருக்குத் தெரியுது. யார்கிட்டப் பேசினாலும் தெரியுது. உங்க ஆறாவது அத்தியாயத்துல சொன்ன உளவு ஆப் இதுக்குள்ள இருக்குன்னு நினைக்கிறேன்."

இருந்தது. அவள் கணவர் நில அளவையாளர். பொறுமையான மனிதர் என்று ஃபோனைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் அதில் பார்ப்பது, அழைத்துப் பேசுவது, நிற்கும் இடம் எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன.

"எடுத்துடலாமா அக்கா?"

"எடுத்தா அந்த நிமிஷமே அவருக்குத் தெரிஞ்சிடும். அப்படியே இருக்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்புற அன்னைக்கு இதை ஆபீஸ்லயே விட்டுட்டுப் போயிடு."

"கிளம்பினப்புறம் அவர் கண்டுபிடிச்சா என்னைக் கொன்னுடுவாரு அக்கா."

பக்க எண்ணைச் சொல்வதுபோல் சொன்னாள். அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் அல்ல.

நான் அவளுக்காக ஓர் அத்தியாயம் எழுதினேன். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் பத்தாவது அத்தியாயமாகச் சேர்ந்தது அதுதான். வீட்டை விட்டுத் தப்பிப் போகிறவர் தடம் இல்லாமல் இருப்பது எப்படி என்பது பொருள். பழைய எண் வேண்டாம், பழைய கணக்குகள் வேண்டாம், பழைய பெயர் வேண்டாம். கையில் எதையும் எடுக்காதீர்கள், புத்தகம் உட்பட. போகும் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவரிடமும். கடைசி வரியை எழுதும்போது அது நன்றாக வந்திருப்பதாகத் தோன்றியது.

அவள்தான் புரூஃப் பார்த்தாள். அந்த அத்தியாயத்தில் ஒரு திருத்தமும் இல்லை.

புத்தகம் அச்சாகி வந்தது. வந்த புத்தகத்தைத் தன் செலவில் ஒன்று வாங்கி, மறுபடி படித்து, தன் கண்ணுக்குத் தப்பிய பிழைகளைப் பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பது அவள் வழக்கம். இருபத்து மூன்று இருந்தன. என்னிடம் காட்டினாள். பத்தொன்பதாவது மட்டும் பிழை இல்லை. கடவுச்சொல்லுக்கு எட்டு எழுத்தாவது வேண்டும் என்று எழுதி, எடுத்துக்காட்டாக 'பூங்கொடி' என்ற சொல்லைக் கொடுத்திருந்தேன். நாலு எழுத்துதானே இருக்கிறது என்பது அவள் குறிப்பு.

நமக்கு நாலு, கணினிக்கு எட்டு என்று விளக்கினேன். பூ என்பதை அது ப தனி, ஊகாரக் குறி தனி என்று இரண்டாக எண்ணும். மேலே வைக்கும் புள்ளியைக்கூடத் தனியாக எண்ணும்.

"அப்போ இத்தனை பெரிய மெஷினுக்கு எழுத்துக் கூட்டத் தெரியலையா? எங்க ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் கையில குடுங்க, ரெண்டு நாள்ல பழக்கிடுவாங்க" என்றாள். அப்போது கழுத்து சரியாகியிருந்தது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பென்சில்தானே, அழித்துவிடுகிறேன் என்றாள். அழிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அவள் வேலைக்கு வரவில்லை. ஃபோன் அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் கணவர் பதிப்பகத்துக்கு வந்து எல்லாரையும் மரியாதையாக விசாரித்தார் என்று பதிப்பாளர் சொன்னார். நான் அன்று அங்கே இல்லை.

அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லக்கூடாது என்று நான்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம். என்னிடம் சொல்வதற்கும் மற்றவர்களிடம் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என நினைத்தேன்.

அடுத்த புத்தகத்தை வேறொருவர் பார்த்தார். சரியாகச் சொன்னால் அவருடைய கணினி பார்த்தது. கடவுச்சொல் என்று வந்த நாற்பது இடங்களிலும் அது 'கடவுள்சொல்' என்று மாற்றிவைத்தது. 'கடவுள்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள்' என்று புத்தகம் வெளிவந்தது. பதிப்பாளர், "விடுங்க மேடம், பக்திப் புத்தகம்னு நாலு பேர் வாங்கினாலும் வாங்குவாங்க" என்றார். ஒரு பத்திரிகை அந்த வரியைத் துணுக்காகப் போட்டது. எனக்கு அந்த மாதம் முழுவதும் வெளியே போகப் பிடிக்கவில்லை. அவள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பதினான்கு மாதங்கள் இப்படிப் போயின. அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது.

'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, உங்கள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைக் கவனமாகப் படித்தேன். இருபத்து மூன்று பிழைகள் கண்டேன். அடுத்த பதிப்புக்கு உதவும் என்று பட்டியல் இணைத்திருக்கிறேன். உங்கள் வாசகன்.'

நான் மேசைமுன் உட்கார்ந்தபடி சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாருடி?"

"ஒரு வாசகர்மா."

"உனக்கா?"

எனக்குத்தான். நான் அன்றே பதில் எழுதினேன். வாசகர்களுக்குப் பதில் போடாமல் இருந்ததில்லை. அதற்கான சந்தர்ப்பமும் அதிகம் வாய்த்ததில்லை. அவர் மறுபடி எழுதினார். அடக்கமான நடை. நான் மூன்றாம் பதிப்பு தயாராவதையும், புரூஃப் பார்க்க ஆள் இல்லாததையும் சொன்னேன். மூன்றாவது கடிதத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

'உங்கள் பத்தாவது அத்தியாயத்தை ஒரு பிழையும் இல்லாமல் பின்பற்றிய ஒருவரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றால் உங்கள் புத்தகம் முழுமையானது. முடியும் என்றால் அடுத்த பதிப்பில் அந்த ஓட்டையை அடைக்கவேண்டும் அல்லவா?'

நியாயமான கேள்வி. எங்கள் துறையில் இதைத்தான் கேட்கவேண்டும். பூட்டு செய்தவரே அதை உடைத்துப் பார்க்காமல் விற்கக்கூடாது. நான் செய்துபார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று முன்னுரையில் உறுதி சொல்லியிருக்கிறேன். நீங்களும் அந்தப் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன்.

பத்தாவது அத்தியாயத்தை அப்படிப் பின்பற்றியவர் என்று எனக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். எனவே அவளைத் தேடிப் பார்த்தேன்.

கணினி வழியாக அவள் எங்கும் இல்லை. எண் இல்லை, படம் இல்லை, பெயர் இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். ஆனால் அவள் பிழைத்திருக்க வேண்டும் என்றால் வேலை செய்தாக வேண்டும். அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலை. பெயரை மாற்றிக்கொள்ளலாம். சரி என்று நம்புகிற ஒன்றை மாற்றிக்கொண்டு அவளால் ஒரு பக்கம்கூடத் திருத்த முடியாது.

நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் செவ்வாய்க்கிழமை வரும். நான் போய்ப் புதுவரவு அலமாரியிலும், அந்தப் பதினான்கு மாதங்களில் வந்து அடுக்கியிருந்தவற்றிலும் சிறு பதிப்பகப் புத்தகங்களை மட்டும் எடுத்துப் புரட்டினேன். மூன்றாவது செவ்வாய்க்கிழமை, வீட்டு மின்சாரப் பழுதுகளைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம் கையில் வந்தது. பதினோராம் பக்கத்தில் 'மீட்டர்ப் பெட்டி' என்று இருந்தது. இருபதாம் பக்கத்தில் 'ஹீட்டர்க் கம்பி'. நான் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து புத்தகம் முழுவதையும் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. நல்ல புத்தகம்.

மறுநாள் காலை அந்தப் பதிப்பகத்துக்கு ஃபோன் செய்தேன். ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஊர். ஒரு பெண்மணி எடுத்தார். பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வணக்கம்ங்க. நான் புத்தகம் எழுதுறவ. உங்க மின்சாரப் புத்தகம் பாத்தேன். ஒரு பிழை இல்ல. யாருங்க திருத்தினது?"

"அட, இதைக் கேக்கவும் ஒருத்தர் ஃபோன் பண்றீங்களே. எழுதின மனுஷனே இன்னும் பிரிச்சுப் பாக்கலங்க. எங்க டீச்சரம்மாதான். பேருக்குத்தான் டீச்சரம்மா, சின்னப் பொண்ணு. ஒற்று விட்டுட்டா நம்மள அடிக்காத குறை."

"எனக்கும் ஒரு புரூஃப் பாக்கணும். அவங்ககிட்டக் குடுக்க முடியுமா?"

"வீட்டுலயேதான் பாப்பாங்க, இங்க வர்றதில்ல. அட்ரஸ யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க." கொஞ்சம் யோசித்தார். "யாருக்கும்னா கண்டவங்களுக்கு. நீங்க எழுதுறவங்க, உங்களுக்கு இல்லாமலா. பாவம், அவங்களுக்கும் வேலை வேணும். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். இந்த உரையாடலில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் எழுதுகிறவள். எனக்குப் புரூஃப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

வாசகருக்கு 'முடியும்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். அவர் நம்பவில்லை. சொல்வது எளிது, செய்துகாட்டினால்தான் ஒப்புக்கொள்வேன் என்று எழுதினார். கூடவே, உங்கள் புரூஃப் கட்டை எந்த ஊராக இருந்தாலும் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பெயர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார். அவள் முகவரி எழுதிய கட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு அம்மா, "நல்ல மனுஷன். செருப்பை எவ்வளவு நேரா விட்டிருந்தார் பாத்தியா? நீயும் இருக்கியே" என்றாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் மறுபடி மறுபடி ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். அவர் யார் என்று எனக்கு எப்போது தெரியும் என்று. முதல் நாள் நான், நீங்கள் வந்து சொன்னபோதுதான் தெரியும் என்றேன். இரண்டாம் நாள், மூன்றாவது கடிதத்தில் சந்தேகம் வந்தது என்றேன். இரண்டும் சரியல்ல. முதல் கடிதத்திலேயே தெரியும். அவர் அனுப்பிய பட்டியலில் பத்தொன்பதாவது பிழை, 'பூங்கொடியில் நாலு எழுத்துதான் உள்ளது.' வரிசைகூட மாறவில்லை. அவள் விட்டுவிட்டுப் போன புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்து அவர் எழுதியிருக்கிறார். என் புத்தகத்தில் அவர் பத்தாவது அத்தியாயத்தைத் தவிர வேறு எதையும் படித்ததாகத் தெரியவில்லை.

தெரிந்தும் ஏன் என்கிறீர்கள். அவள்மேல் கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. எனக்கு அவளைப்போல் யாரும் இருந்ததில்லை. அவள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யாருடைய மீட்டர்ப் பெட்டிக்கோ ஒற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே நான் நாற்பது இடத்தில் கடவுளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அத்தியாயம் அவளை என்னிடமிருந்தும் மறைத்துவிட்டது. அதை என்னால் திறக்க முடியும் என்று தெரிந்த பிறகு திறக்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்கவேண்டியிருந்தது. அவர் கேட்டார்.

கட்டின்மேல் என் கையெழுத்தில் ஒரு சீட்டு வைத்தேன். அது உங்களிடம் இருக்கிறது. 'நான்தான். பயப்படாதே. மூன்றாம் பதிப்பு இது, நீ பார்த்தால்தான் சரியாக இருக்கும். ஒரு வாரத்தில் முடித்துவிடு. வாங்கிக்கொள்ள என் ஆள் வருவார், கதவைத் தட்டி என் பெயரைச் சொல்வார்.' கடைசி வாக்கியத்தை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் அவள் கதவைத் திறந்திருக்கமாட்டாள். யாருக்கும் திறக்கக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நான் சொல்லிக்கொடுத்ததை அவள் மீறமாட்டாள்.

அவர் கட்டை வாசலில் வைத்து, தட்டிவிட்டுப் போய்விட்டார். பிறகு ஏழு நாட்கள் அந்த ஊரிலேயே தங்கிக் காத்திருந்தார். நான் சொன்னேனே, பொறுமையான மனிதர். எட்டாம் நாள், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடி தட்டி, குரலைத் தாழ்த்தி என் பெயரைச் சொன்னார். அவள் திறந்தாள்.

அந்த ஏழு நாட்களில் நான் ஒரு ஃபோன் செய்திருக்கலாம். அந்த ஊர்ப் பதிப்பகத்தின் எண் மேசைமேல்தான் இருந்தது. நான் புத்தகத்தின் சொல்லடைவைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அம்மா, "என்னடி, ஃபோனையே பாத்துக்கிட்டிருக்கே, யாராவது கூப்பிடணுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் படித்து முடித்துவிடட்டும் என்று நினைத்தேன்.

நேற்று நீங்கள் அந்தக் கட்டைக் காட்டினீர்கள். நூற்று அறுபத்திரண்டு பக்கங்கள் பார்த்திருக்கிறாள். இன்னும் முப்பது பாக்கி. எல்லாத் திருத்தங்களும் சரியானவை. முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எனக்கு எழுதியிருந்ததை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள்.

'அக்கா, நீங்கதானா? ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. அப்புறம் உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சதும் சந்தோஷமா இருந்துச்சு. நான் எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க, திருத்திக்கிறேன்.'

இதை நீங்கள் உங்கள் அறிக்கையில் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நடுங்கியது வரை எழுதிவிட்டு, அடுத்த வரியைத் தாண்டி, நேராகத் தப்புக்குப் போய்விட்டீர்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பது விட்டுப்போயிருக்கிறது. சேர்த்துக்கொள்ளவும்.